இடது கை சும்மா இருக்கா? – ரெக்கார்டிங் கேள்வி பதில்

கே: ஒரு வருஷமா ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல கோயில் பஜனை, நம்ம பசங்க பாடுறது எல்லாம் ரெக்கார்ட் பண்ணி எடிட் பண்றேன் அண்ணே. எல்லாமே மவுஸ்லதான். கூட இருக்கவன் "ஷார்ட்கட் தெரியாதவன்லாம் எடிட்டரே இல்ல"ன்னு ஓட்டுறான். மாறித்தான் ஆகணுமா?
– வாசகர், தேவகோட்டை

ப: ஓட்டுறவன விடு தம்பி. பாட்டு நல்லா வந்திருந்தா நீ மவுஸ்ல வெட்டுனியா அருவாமனையில வெட்டுனியான்னு கேக்குறவங்க யாரும் விசாரிக்கப் போறதில்ல. ஆனா அவன் சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு, அது அவனுக்கே தெரியுமான்னு தெரியல. எல்லாரும் ஷார்ட்கட்னா வேகம்னு நெனைக்கிறாங்க. எனக்கு வேகம் ரெண்டாம்பட்சம்தான், காதுதான் முக்கியம்.

அரை மணி நேரப் பஜனை ஒண்ண எடுத்துக்க. நடுவுல இருமல், மைக்குல மூச்சு, யாரோ செம்பக் கீழ போட்டது, இப்படி ஒரு அறுபது எடத்துல கை வைக்கணும்னு வை, எடத்துக்கு ரெண்டு வெட்டு. மவுஸ்ல ஒவ்வொரு தடவையும் ஐட்டத்து (பதிவான துண்டு) மேல ரைட் கிளிக், மெனு எறங்கும், அதுல ஸ்ப்ளிட் எங்கன்னு தேடணும், கிளிக் பண்ணணும். ரெண்டு செகண்டு பெரிய விஷயமில்ல, ஆனா அந்த ரெண்டு செகண்டும் கண்ணு எழுத்தப் படிக்குது, படிக்கிறப்ப காது சாத்திக்குது, அப்பறம் "எங்கடா இருமுனாரு"ன்னு திரும்பப் போட்டுக் கேக்குற. வெட்டுறதுக்கான எஸ் கீ மேல ஒரு வெரல் இருந்தா பாட்டு ஓடிக்கிட்டு இருக்கப்பவே ஒரு தட்டு, வெட்டு விழுந்துரும், கண்ண மூடிக்கிட்டே கூட பண்ணலாம். ஒண்ணு மட்டும் கவனம், எந்த ஐட்டத்தையும் செலக்ட் பண்ணாம எஸ் அடிச்சா கர்சர் நிக்கிற எடத்துல எல்லா டிராக்கும் சேந்து வெட்டுப்படும், மிருதங்கத்தையும் சேத்து வெட்டிட்டு அரை மணி நேரம் கழிச்சுக் கண்டுபிடிச்ச ஆளு நான்.

அதுக்காக நூறு ஷார்ட்கட்ட மனப்பாடம் பண்ணாத, அது பரிச்சைக்குப் படிக்கிற மாதிரி ஒரு வாரத்துல போயிரும். நீ ஒரு நாளைக்கு அம்பது தடவ பண்ற வேலை எதுன்னு பாரு, அதுக்கு மட்டும் கீ கத்துக்க. உனக்கு ஓட்ட நிறுத்த ஸ்பேஸ், வெட்ட எஸ், குறி வைக்க எம், ரெக்கார்டுக்கு கன்ட்ரோல் ஆர், பண்ணதத் திருப்ப கன்ட்ரோல் இசட் போதும். எம் அடிச்சா மார்க்கர், பாடிக்கிட்டு இருக்கப்பவே தப்பு வந்த எடத்துல ஒரு எம் போட்டு வச்சா எடிட்டுல பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கன்ட்ரோல் எஸ்ஸ நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, கரண்டு போற ஊர்ல பொழைக்கிறோம். மத்ததுக்கெல்லாம் கேள்விக்குறிய அடி, ஆக்‌ஷன் லிஸ்ட் தொறக்கும், எந்த வேலைக்கு எந்தக் கீன்னு அதுலயே இருக்கு, பிடிக்கலன்னா மாத்தியும் வச்சுக்கலாம்.

மவுஸத் தூக்கிப் போடச் சொல்றேன்னு நெனச்சுக்காத. ஈக்யூல (சத்தத்தோட கனம், கூர்மைய ஏத்தி எறக்குற எடம்) ஒரு புள்ளியப் பிடிச்சு இழுத்துக்கிட்டே எங்க கொரல் மூக்கடைப்பு மாதிரி இருக்குன்னு தேடுறது, ஆட்டோமேஷன்ல, அதாவது சத்தம் தானா ஏறி எறங்குறதுக்குப் போடுற கோட்டுல, கடைசி வரிய மெல்ல எறக்குறது, இதெல்லாம் கீபோர்டுல பண்ணப் போனா கிறுக்குப் பிடிக்கும். சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற ஃபேடர இழுக்கிறப்ப கன்ட்ரோல அமுத்திக்கிட்டு இழுத்துப் பாரு, பொடிப்பொடியா நகரும், அது ரெண்டு கையும் சேந்து பண்ற வேலை. மவுஸக் கண்டுபிடிச்ச டக்ளஸ் எங்கல்பர்ட்டே 1968 டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல அத ஊரறியக் காட்டுனப்ப வலது கையில மவுஸும் இடது கையில அஞ்சு கட்டை வச்ச குட்டிப் பலகையும் வச்சுத்தான் காட்டுனாரு, நாமதான் நடுவுல இடது கைய மறந்துட்டோம். நம்ம காரைக்குடி வீணை சகோதரர்கள்ல அண்ணன் சுப்பராமய்யர் வீணைய நிமித்திப் பிடிப்பாரு, தம்பி சாம்பசிவய்யர் படுக்க வச்சு வாசிப்பாரு, ஆனா எப்படிப் பிடிச்சாலும் ஒரு கை மெட்டுல, ஒரு கை தந்தியில. உன் இடது கை இப்ப எங்க இருக்கு, கன்னத்துலதான?

கே: கியூபேஸ் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குப் பாடம் பாத்துக் கத்துக்கறேன் சார். ரெக்கார்டுக்கு ஸ்டார் கீய அடிக்கச் சொல்றாங்க, என் லேப்டாப்ல ஷிஃப்டோட எட்ட அடிச்சா ஒண்ணும் நடக்கல.
– வாசகி, பள்ளத்தூர்

ப: அவங்க சொல்ற ஸ்டார் வலது பக்கம் தனியா இருக்க நம்பர் பேட்ல இருக்கதும்மா, சின்ன லேப்டாப்புல அந்தப் பகுதியே இருக்காது. கீ கமாண்ட்ஸ்ல போயி ரெக்கார்டுக்கு வேற கீ குடுத்துக்கங்க, இல்ல யூஎஸ்பி நம்பர் பேட் ஒண்ணு தனியா வாங்கி மாட்டுங்க, பெரிய வெலை இல்ல. புரோ டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர் பக்கம் போனாலும் இதே கததான், அதுல நம்பர் பேட் மூணு, ஆனா அதுக்கு மாத்தா எஃப் 12 இருக்கு.

கே: பழைய வீட்ல வச்சு நானே பாடி நானே ரெக்கார்ட் பண்றேன். ஒவ்வொரு டேக்கோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் கீபோர்டு சத்தம் விழுது. மவுஸுக்கு மாறுனா போயிருமா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: மவுஸும் டிக்குன்னு கத்தும், அதனால அது தீர்வு இல்ல. உங்க வீடுதான் சத்தத்தப் பெரிசாக்குது. கீழ ஆத்தங்குடிக் கல்லு, செவுரு பூரா வழவழன்னு சுண்ணாம்புப் பூச்சு, எதுவும் சத்தத்தக் குடிக்காது, எல்லாம் திருப்பி அடிக்கும்.

நான் பட்டது இது. ஒரு வீட்ல வயசான ஆச்சி ஒருத்தங்க தாலாட்டப் பதிவு பண்ணப் போனேன், வளவுல (வீட்டு நடு முற்றத்துல) ஜமுக்காளம் விரிச்சு ஒக்கார வச்சாச்சு, எனக்கு மேசை கெடைக்கலன்னு ஒரு தகர டிரங்குப் பொட்டி மேல லேப்டாப்ப வச்சேன். தொடு பலகையில வெரல வச்சு ரெக்கார்டு பட்டனத் தேடிக்கிட்டே இருக்கேன், ஆச்சி பாட ஆரம்பிச்சுட்டாங்க, பதறிப்போயி கீயில ஓங்கித் தட்டுனேன். பொட்டி டொம்முன்னு அதிர்ந்துச்சு, அந்த டொம்மு வளவு பூராச் சுத்தி வந்துச்சு. மொத வரி போச்சு, ரெண்டாவது வரியில டொம்மு. திரும்பப் பாடுங்க ஆச்சின்னா, "எதப்பா பாடுனேன், வாயில வந்ததப் பாடுனேன்"னாங்க. திரும்பப் பாடுனாங்கதான், ஆனா அதுல மாமன் கொண்டு வர்ற சீரு மாறிப்போச்சு, மொதல்ல வந்த வெள்ளிச் சங்கு ரெண்டாவதுல வரவே இல்ல.

அதுக்கப்பறம் நான் மாத்திக்கிட்டது இவ்வளவுதான். பாடுறவங்க ஒக்காரும்போதே ரெக்கார்ட ஓட விட்டுர்றது, வீணாப் போற எடத்த அப்பறம் எஸ் போட்டு வெட்டிக்கலாம், ஹார்ட் டிஸ்க் ஒண்ணும் கொறஞ்சு போகாது. தட்டுன பெறகு அஞ்சு செகண்டு யாரும் மூச்சு விடாம இருங்க, அந்த அமைதி இரைச்சலக் கொறைக்கிற எஃபெக்டுக்கு மாதிரியாவும் உதவும். முடிவுல கடைசி எழுத்தோட எதிரொலி முழுசா அடங்குற வரைக்கும் கீயத் தொடாதீங்க. லேப்டாப்புக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் ஒரே மேசை, ஒரே பலகை வேணாம், வயர்லெஸ் கீபோர்ட மடியில துண்டு போட்டு வச்சுக்கங்க.

கே: திடீர்னு ஷார்ட்கட் எதுவுமே வேலை செய்யல, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிருது. வைரஸா?
– வாசகர், காரைக்குடி

ப: வைரஸ் இல்லங்க, தமிழு. டிராக்குக்குத் தமிழ்ல பேர் வச்சுட்டுத் தமிழ் தட்டச்ச அணைக்காம விட்டுருப்பீங்க. தமிழ்99ங்கற தட்டச்சு முறையில எஸ் கீன்னா 'இ', அப்பறம் அது எங்க வெட்டும். பேர் அடிச்சதும் என்டர் தட்டிட்டு இங்கிலீசுக்கு மாறிட்டு வாங்க. பேர் பெட்டி தொறந்தே இருந்தாலும் இதேதான், நீங்க வெட்டுறதா நெனச்சு அடிக்கிறதெல்லாம் பேருக்குள்ள போயி ஒக்காந்துக்கும். என் ஹார்ட் டிஸ்க்குல 'இஇஇஇ'ன்னு ஒரு மிருதங்க டிராக்கு இன்னைக்கும் இருக்கு.