நெஞ்சைத் திறக்காமல் முடியாதா?

இதயம்: வாசகர் கேள்விகள், மருத்துவர்கள் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. 15 வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோவில் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ்தான் வழி என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்களோ, "ஸ்டென்ட் வைத்தால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாமே, எதற்கு நெஞ்சைப் பிளக்கணும்?" என்கிறார்கள். ஆபரேஷனின்போது இதயத்தையே நிறுத்திவிடுவார்களாமே?
– வாசகி, தாம்பரம்

பதில்: சொந்தக்காரர்கள் தழும்பைப் பார்க்கிறார்கள். டாக்டர் பத்து வருடம் தள்ளிப் பார்க்கிறார். ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய், அடைப்புள்ள அந்த இடத்தை மட்டும்தான் விரிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் நெடுகக் கொழுப்பு படிந்திருக்கும். இன்று நன்றாக இருக்கும் இடம் நாளை அடைக்கலாம். பைபாஸில் புதுக்குழாயை அடைப்புகளையெல்லாம் தாண்டிக் கீழே கொண்டுபோய்த் தைக்கிறார்கள். மேலே புதிதாக ஓர் அடைப்பு வந்தாலும் கீழே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் சேர்ந்து இருப்பவர்களுக்கு பைபாஸில் மரணமும் மாரடைப்பும் குறைவு என்றே 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வும் காட்டியது. பக்கவாதம் மட்டும் பைபாஸில் சற்று அதிகம். அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

சர்ஜனிடம் ஒன்றைக் கேளுங்கள்: "எல்.ஏ.டி.க்கு மார்புத் தமனியைத்தானே வைக்கப்போகிறீர்கள்?" எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கம் ஓடும் முக்கிய ரத்தக்குழாய். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் அந்த மார்புத் தமனி, பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரைகளில் (ரத்தக்குழாய்களில்) ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும்.

இதயத்தை நிறுத்துவது பற்றி. ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உடலை இதய-நுரையீரல் மெஷினோடு இணைத்து, பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்துவது ஒரு முறை. இதயம் துடிக்கும்போதே, தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு தைப்பது இன்னொன்று. நம் ஊரில் பல சர்ஜன்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். (இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் நடந்தது.) எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம், உங்கள் சர்ஜனுக்குக் கைவந்த முறையே நல்ல முறை.

அட்மிட் ஆகும் முன் மாத்திரைப் பட்டியலை முழுதாகக் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் க்ளோபிடோக்ரல் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தப்படும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். பலர் கோட்டைவிடுவது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளில். இவற்றை 3 நாள் முன்பே நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். எதையும் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வால்வு) சுருங்கிவிட்டது. தொடை வழியாகவே வால்வு வைக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: தாராளமாக. டாவி எனப்படும் இந்தச் சிகிச்சை 2002-ல் பிரான்சில் தொடங்கியது. இந்த வயதில் பெரும்பாலும் இதுவே முதல் தேர்வு. குடைபோல மடக்கிய வால்வைத் தொடைத் தமனி வழியாக ஏற்றி, பழைய வால்வுக்குள்ளேயே விரிப்பார்கள். பழையது ஓரமாக நசுங்கி அங்கேயே இருக்கும். அதனால் முதலில் சி.டி. ஸ்கேனில் வால்வு வளையத்தையும் தொடைத் தமனியின் அகலத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். தமனி மிகக் குறுகலாகவோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் வேறு வழி தேட வேண்டும். வால்வை ஒட்டித்தான் இதயத்தின் மின்பாதை ஓடுகிறது. புது வால்வு அதை அழுத்தினால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் கசிவதும் உண்டு. 50 வயதுக்காரர் கேட்டிருந்தால் எங்கள் பதில் வேறு: இது விலங்குத் திசுவால் செய்த வால்வு, காலப்போக்கில் தேயும்.

கேள்வி: கீஹோல் பைபாஸ் என்றால் வலியே இருக்காதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இருக்கும். இடது விலா எலும்புகளுக்கிடையே சிறிதாக வெட்டி விரிப்பதால் அங்குள்ள நரம்பு அழுந்தும். முதல் சில நாள் நன்றாகவே வலிக்கும். எலும்பை அறுக்காததால் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், லாபம் அதுதான். எல்லா அடைப்புக்கும் இது பொருந்தாது.

கேள்வி: பைபாஸ் முடிந்து ஐந்து வாரம். இருமினால் நெஞ்சுக்குள் 'டக்' என்கிறது. ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம்?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஸ்கூட்டர் இருக்கட்டும், முதலில் சர்ஜனைப் பாருங்கள். அறுத்த நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பிகளால் கட்டியிருக்கிறார்கள். 'டக்' என்பது எலும்பின் இரு பாதிகளும் உரசுவதாக இருக்கலாம். கூடவே காய்ச்சல், சீழ், காயத்தில் நீர்க்கசிவு இருந்தால் அன்றைக்கே போங்கள்.

எலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொடவே வேண்டாம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் கூடாது. எழும்போது கையை ஊன்றாமல், பக்கவாட்டில் புரண்டு காலைத் தொங்கவிட்டு எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஸ்பீடு பிரேக்கர் வரும்போதும் அதே தலையணை உதவும். எல்லாம் சரியாக இருந்தால், பொதுவாக மூன்று மாதம் கழித்து ஸ்கூட்டர். பைபாஸுக்காகச் சிரை எடுத்த கால் சாயங்காலம் வீங்கினால் உட்காரும்போது அதை உயர்த்தி வையுங்கள். கெண்டைச்சதை மட்டும் கடினமாகி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் உடனே போக வேண்டும்.