ஐப்பசிக்குப் பேயும் மாயமும்: ஒரு மாத வாசிப்பை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: வீடு மன்னார்குடியில். திருத்துறைப்பூண்டியில் ஆசிரியை வேலை. பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஐப்பசி மாதம் முழுக்கத் திகில் கதைகளும் மாயக் கதைகளும் மட்டும் படிக்க வேண்டும் என்று ஆசை. போன வருடம் பன்னிரண்டு புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டேன், மூன்றோடு நின்றுபோனது. இந்தத் தடவை எப்படித் திட்டமிடலாம்? தமிழிலேயே ஒரு மாதத்துக்குத் தேறுமா? இரவில் படித்தால் எனக்குக் கொஞ்சம் பயம். தீபாவளி சமயத்தில் பேய்க்கதை எதற்கு என்கிறார் அம்மா. போதாததற்கு, பத்து வயது அக்கா மகன் தானும் சேர்ந்து படிப்பேன் என்கிறான்.

பதில்: உங்கள் பட்டியலில் தப்பு இருந்திருக்காது டீச்சர், கணக்கில்தான் இருந்திருக்கும். புத்தகங்களை எண்ணினீர்கள், மணி நேரத்தை எண்ணவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்து, மாதக் கடைசியில் பாதி படித்த ஏழு புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தவன்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐப்பசியில் தீபாவளியும் மழை விடுமுறையும் போக, பள்ளிக்கூடம் ஒரு பதினெட்டு நாள் நடக்கும் என்று வையுங்கள். சாயங்கால பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம், அதை விட்டுவிடுங்கள். காலை ஒரு மணி நேரம் மட்டும் உறுதி. ஆக, பதினெட்டு மணி நேரம். தமிழ் நாவலில் மணிக்கு முப்பது பக்கம் ஓடும் என்றால் மாதத்துக்கு 540 பக்கம். இது என் வேகம். உங்களுடையது எவ்வளவு என்று ஒரே ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 540 பக்கம் என்பது ஒரு பெரிய புத்தகமும் ஒரு சின்னப் புத்தகமும். பன்னிரண்டு அல்ல.

அடுத்தது, எதை எப்போது படிப்பது. மாயக் கதையும் திகில் கதையும் கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் படிக்கும் முறை வேறு வேறு. மாயக் கதைக்கு ஒரு தனி உலகம் உண்டு. அதன் ஊர்களும் குலங்களும் சாபங்களும் வரங்களும் தலைக்குள் நிற்க வேண்டுமானால் நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க வேண்டும். நாலு நாள் இடைவெளி விட்டால் யார் யாருக்குச் சாபம் கொடுத்தார் என்பதே மறந்துபோகும். திகில் அப்படியல்ல, பாதியில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அதோடு பயமும் அணைந்துவிடும். ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியாத படைப்பு தன் ஒருமித்த விளைவை இழந்துவிடும் என்று அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-ல் ஒரு கட்டுரையில் வாதாடினார். நீண்ட நாவல்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் பேய்க்கதை விஷயத்தில் அவர் சொன்னது சரி.

ஆகவே காலை பஸ்ஸுக்கு ஒரு நீண்ட மாயக் கதை, வீட்டில் சாயங்காலத்துக்குச் சிறுகதை அளவில் திகில். அதுவும் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். தினமும் பயந்தால் பயம் மரத்துப்போகும். மூன்றாம் வாரத்தில் பிணம் எழுந்து நின்றாலும் கொட்டாவிதான் வரும்.

பஸ்ஸுக்கான புத்தகத்தைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நடக்கிற கதை ஒன்று இருக்கிறது: மணிமேகலை. சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் அதை அறநூலாகவும் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகவும் நடத்தி, அதில் இருக்கிற மாயத்தையெல்லாம் வடிகட்டித்தான் நமக்குக் கொடுத்தார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை ஒரு கடல் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே அவளுக்கு முற்பிறப்பு நினைவு வருகிறது. வானத்தில் பறக்கவும் வேற்றுருவம் எடுக்கவும் பசி தாங்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. பிறகு, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயோடு பன்னிரண்டு வருடம் அலையும் காயசண்டிகை என்ற, விஞ்சையர் என்னும் வான்குலத்துப் பெண் வருகிறாள். நரமாமிசம் தின்னும் நாகர்களின் தீவில் கரையொதுங்கி, அவர்கள் பாஷை தெரிந்ததால் உயிர் தப்பும் சாதுவன் என்ற வணிகன் வருகிறான். கடைசியில் புகார் நகரத்தையே கடல் கொள்கிறது. இத்தனைக்கும் பிறகு இதை மாயக் கதை இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

இன்னொரு வசதி, மணிமேகலையில் காதைகள், அதாவது அத்தியாயங்கள், சரியாக முப்பது. மாதத்துக்கென்றே அளந்து வைத்தது போல. உரைநடையில் எழுதப்பட்ட பதிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், நல்லவை பல இருக்கின்றன. மூலம் வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இலவசமாகக் கிடைக்கும். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில்தான், 1898-ல், இதைப் பதிப்பித்தார். உங்கள் ஊரிலிருந்து ஒரு எட்டில் போகிற இடம்.

ஒரு எச்சரிக்கை. 27-ஆம் காதையில் பல சமயத்துக்காரர்களும் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்வார்கள், 29-ல் பௌத்தத் தர்க்கம் பாடமாகவே வரும். கதை வேகத்தில் வந்தவர்கள் அங்கேதான் புத்தகத்தை மூடிவைப்பார்கள். கூச்சப்படாமல் தாண்டிப் போங்கள். தத்துவத்தில் ருசி இருந்தால் தை மாதத்தில் திரும்பி வரலாம்.

ஆறாம் காதையை மட்டும் பஸ்ஸில் படிக்க வேண்டாம், ஒரு ஞாயிறு பகலுக்கு எடுத்து வையுங்கள். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகார்ச் சுடுகாட்டின் முழு வருணனையும் அதில் இருக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் வழி தவறி இரவில் அதற்குள் போய்விடுகிறான். ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, பேய் என் உயிரை எடுத்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். இதோடு நின்றிருந்தால் நல்ல பேய்க்கதை, அவ்வளவுதான். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அதற்கு மேலே போகிறார். கண் தெரியாத கணவனை வைத்திருக்கும் அந்தத் தாய் கோதமை, நள்ளிரவில் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் திருப்பிக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் மல்லுக்கு நிற்கிறாள். முடியாது என்கிறது தெய்வம். அவள் நம்பவில்லை. சக்கரவாளம் என்னும் பேரண்டத்தில் இருக்கும் எல்லாத் தேவர்களையும் அழைத்து வந்து, இது எங்களாலும் ஆகாது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறது சம்பாபதி. எனக்கு அந்தப் பேயைவிட, இத்தனை தெய்வங்கள் வரிசையாக நின்று கையை விரிக்கும் இடம்தான் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

மழை விட்ட ஞாயிறு ஒன்று கிடைத்தால் பூம்புகார் போய்வாருங்கள். பக்கத்தில் பல்லவனேச்சுரத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. காதையைப் படித்துவிட்டுப் போய் அந்தச் செங்கல் முன்னால் நின்றால் கதை வேறு மாதிரி இருக்கும்.

சாயங்காலத்துக்கு வருவோம். முதல் கதை புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேரும் ஒரு பெண், அவள் மேல் சந்தேகப்படும் எழுத்தாளன், இவ்வளவுதான் கதை. பேயா, மனப்பிரமையா என்று கடைசி வரை பிடி கொடுக்காது. அதே வாரத்தில் அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படியுங்கள். கடவுள் சென்னைக்கு வந்து, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டிவிட்டு, பிள்ளை வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் கதை. ஒன்று பயம், மற்றது சிரிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பதுதான் என் வழக்கம். இரண்டும் நாட்டுடைமை எழுத்து, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இரண்டாம் வாரத்துக்கு மௌனி. இவரும் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். ‘அழியாச்சுடர்’ பேய்க்கதை இல்லை, காதல் கதை என்றே சொல்வார்கள். ஆனால் கோயில் இருட்டில் தூணோடு ஒட்டிய யாளி எழுந்து நின்று கூத்தாடும் இடம் ஒன்று வருகிறது பாருங்கள், அதைப் படித்த பிறகு ராஜகோபாலசாமி கோயிலில் கடைசி பூஜைக்குத் தனியாகப் போக யோசிப்பீர்கள். கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டிய நடை. பரீட்சைத் தாள் திருத்தும் வாரத்தில் வேண்டாம்.

‘மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று கலெக்டர் அறிவிக்கும் காலைக்கென்று ஒரு நாவலைத் தனியாக வைத்திருங்கள். அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், எதிர்பாராமல் வந்த பணம் மாதிரி. என் சிபாரிசு சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் எழுதியது. பேய் என்கிறது ஒரு பக்கம், விஞ்ஞானம் என்கிறது மறுபக்கம், நடுவில் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும். கரண்ட் போவதற்குள் நூறு பக்கம் ஓடிவிடும்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றாவது வேண்டும் என்றால், மணிமேகலைக்குப் பதிலாக, கவனியுங்கள், கூடவே அல்ல, 1897-ல் வந்த ‘டிராகுலா’. முழுக்க டைரி, கடிதம், தந்தி என்று துண்டு துண்டாகவே எழுதப்பட்டது. பஸ் வாசிப்புக்குத் தோதான வடிவம். அத்தியாயங்கள் 27. நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ உங்கள் பழைய பட்டியலில் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அருமையான நாவல். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு மாதத்தில் முடிக்கிற காரியமில்லை. கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள்.

அப்புறம், பயம். பயமே வராவிட்டால் இந்த மாதத்துக்கு அர்த்தமில்லை, தூக்கம் போய்விட்டாலும் பிரயோசனமில்லை. நான் கடைப்பிடிப்பது இது: திகில் கதையை விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன். அப்புறம் சாப்பாடு, பாத்திரம், நாலு பேர் பேச்சு. படுக்கப் போகும்போது பயத்தின் வாசனை மட்டும் இருக்கும். போனில் படிக்காதீர்கள். மழை இரவில் கரண்ட் போய் சார்ஜும் போனால் கதை பாதியில் நிற்கும், இருட்டில் மீதியை உங்கள் மூளை எழுத ஆரம்பித்துவிடும். அது எந்த எழுத்தாளரையும்விட மோசமாக எழுதும். காகிதப் புத்தகமும் ஒரு டார்ச்சும் போதும். நூலகப் புத்தகமானால் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஐப்பசி ஈரத்தில் அட்டை உப்பிப்போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா சொல்வதைப் பாதி கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்து மூன்று நாள் புத்தகமே வேண்டாம். எப்படியும் முறுக்கு மாவும் விருந்தாளிகளும் விடப்போவதில்லை. அதைத் திட்டத்திலேயே எழுதிவிட்டால் ‘விட்டுப்போச்சே’ என்ற குற்ற உணர்ச்சி இருக்காது. போன வருடம் நீங்கள் நின்றதும் அந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தீபாவளி முடிந்து திரும்பி வர ஒரு வழி உண்டு, கலிங்கத்துப் பரணி. குலோத்துங்க சோழன் காலத்துச் செயங்கொண்டார் பாடியது. போரை விடுங்கள், நேராகக் கூழ் சமைக்கும் பகுதிக்குப் போங்கள். பசியோடு போர்க்களத்துக்கு வரும் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கிக் குளித்துவிட்டுத்தான் சமைக்க உட்காருகின்றன. பந்தியில் குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் தனி உபசாரம். நம் ஊர்க் கல்யாணப் பந்தியை அப்படியே பேய்களை வைத்து நடத்தியிருக்கிறார். உரையோடு படித்தால் ஒரு மணி நேரம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அதற்குப் பிறகு உங்கள் மாதத்துக்கு எதிர்ப்பு இருக்காது. அவரிடமிருந்தும் கதைகள் வாங்குங்கள். கோரையாற்றுப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். சதுப்பில் எரியும் வாயு என்று விளக்கம் சொல்லி நடுவில் கெடுக்காமல், சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா மகனுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவனுக்கு விக்கிரமாதித்தன் வேதாளம். சோமதேவரின் கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருதக் கதைத் தொகுப்பிலேயே இருக்கும் பழைய கதைகள், மொத்தம் 25. ராத்திரிக்கு ஒன்று வாசியுங்கள். வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு, முதலில் அவன் பதில் சொல்லட்டும். ராஜாவின் பதிலும் அவன் பதிலும் ஒத்துப்போகாத இரவுகள்தான் நன்றாக இருக்கும். கடைசிப் புதிரில் அப்பா மகளைக் கட்டுகிறார், பையன் அவள் அம்மாவைக் கட்டுகிறான். இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தனே வாயைத் திறக்கவில்லை. சித்தி, பெரியம்மா, மாமா என்று முறை வைத்தே வளர்ந்த நம் ஊர்ப் பையன், ஒரு பேப்பரும் பென்சிலும் கேட்பான். கொடுத்துவிட்டு நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.