கார் கேள்வி, நேர் பதில்: புது டிசையர் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

(ஆடி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாருதியின் இந்த ஒரு காரைப் பற்றித்தான். அதனால் இந்த 2024 ஆகஸ்ட் இதழ் முழுக்க அதற்கே.)

கேள்வி: எங்களிடம் இருப்பது 2009 செப்டம்பரில் வாங்கிய ஸ்விஃப்ட் டிசையர், பெட்ரோல். வரும் செப்டம்பரோடு ஆர்.சி. முடிகிறது. அடுத்ததும் டிசையர்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இப்போதுள்ள மாடலுக்கு ஆடித் தள்ளுபடி தருகிறோம் என்று ஷோரூமில் தினமும் போன் செய்கிறார்கள், புது மாடல் வரப்போகிறது என்று தம்பி சொல்கிறான். மாமியாருக்கு முழங்கால் வலி, மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வாங்கிவிடவா, பொறுக்கவா?
– ஆசிரியை, கோவில்பட்டி

பதில்: பொறுங்கள் அம்மா. உங்கள் தம்பி சொல்வது சரிதான். மேலே தாள் ஒட்டி மறைத்துப் புது டிசையரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் படங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஸ்விஃப்டும் டிசையரும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்று மாறினால் மற்றது ரொம்ப நாள் தள்ளி நிற்காது. 2011 ஆகஸ்டில் ஸ்விஃப்ட் மாறியது, 2012 பிப்ரவரியில் டிசையர் மாறிவிட்டது. அடுத்த முறை 2017 மே மாதம் டிசையர் முந்திக்கொண்டது, ஸ்விஃப்ட் 2018 பிப்ரவரியில் வந்தது. இந்தத் தடவை ஸ்விஃப்ட் மே 9-ஆம் தேதி வந்தாயிற்று. ஆகவே டிசையர் தீபாவளியை ஒட்டி வரும், தள்ளிப்போனால் பொங்கல் என்பது என் கணக்கு.

அதுவரை ஆர்.சி. என்ன ஆவது என்றுதானே கவலை? புதுப்பித்துவிடுங்கள். பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு 5,000 ரூபாய் கட்டணம், அதோடு பசுமை வரி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும், அவ்வளவுதான், இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. கிடைக்கும். நாலைந்து மாதத்துக்காக இவ்வளவு செலவா என்று தோன்றலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சில் விடும்போது ஆர்.சி. உயிரோடு இருக்கிற வண்டிக்கு ஒரு விலை, இல்லாத வண்டிக்கு வேறு விலை, போட்ட காசு அங்கேயே வந்துவிடும்.

நான் பொறுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் புதுசு என்பதல்ல, மதுரை ரோடு. நூறு கிலோமீட்டர் நாலுவழிச் சாலை, பின் சீட்டில் வயதான ஒருவர். இப்போதுள்ள டிசையரில் இரண்டு ஏர்பேக்தான், இரண்டும் முன்னால். இதே இரண்டு ஏர்பேக்கோடு பழைய ஸ்விஃப்டை 2022-இல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்தபோது ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. புது ஸ்விஃப்டில் அடிமட்ட வேரியன்டிலேயே ஆறு ஏர்பேக், ஐந்து பேருக்கும் மூன்றுமுனை பெல்ட் என்று கொடுத்திருக்கிறார்கள். ஸ்விஃப்டுக்குக் கொடுத்ததை அதைவிட விலை கூடிய டிசையருக்குக் கொடுக்காமல் விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். 2017 பிப்ரவரியில், தள்ளுபடி என்று ஒரு டீலர் சொன்னதை நம்பி அப்போதிருந்த டிசையரை வாங்கினேன். புதுசு எப்போது வரும் என்று நேராகவே கேட்டேன், இப்போதைக்கு இல்லை சார் என்றார்கள். மூன்றே மாதத்தில் வந்தது. என் வண்டியின் டிக்கி 316 லிட்டர், அதில் 378. ஐந்து வருஷம் கழித்து விற்கப் போனபோது, பார்க்க வந்தவர் ஆர்.சி.யைக் கையில்கூட வாங்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்று, டிக்கி மூடியில் கையை வைத்துக்கொண்டு, "பழைய ஷேப்தானே சார்" என்றார். 2017 வண்டி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. வாங்கும்போது விட்டுக்கொடுத்த தள்ளுபடியைவிட அதிகமாக அன்றைக்குக் குறைத்துக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் இந்த நஷ்டம் தெரியாது, நாலைந்து வருஷத்தில் மாற்றுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் 2009 வண்டி 4.16 மீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். அந்த அளவு டிக்கி திரும்ப வராது. நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு இந்த 2024 கணக்கில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதம்தான், தாண்டிவிட்டால் செஸ் மட்டுமே 17-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பும் சின்னக் கார்களுக்கு இதே மாதிரி கலால் வரிச் சலுகை இருந்தது, அதனால்தான் 2012-இலேயே டிசையரின் வாலை வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். புதுசும் அதைத் தாண்டாது.

வண்டி ஷோரூமுக்கு வந்ததும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின் கதவைத் திறந்து அவரே உட்கார்ந்து, அவரே காலை வெளியே வைத்து எழுந்து பார்க்கட்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அங்கேயே சொல்லிவிடும். சிரமப்பட்டால் டிசையரை விட்டுவிட்டு, வேகன் ஆர் மாதிரி நிமிர்ந்து உட்காரும் கார் எதையாவது பாருங்கள், வீட்டில் எடுத்த முடிவு என்று பிடிவாதம் வேண்டாம்.

கேள்வி: புது ஸ்விஃப்டில் மூன்று சிலிண்டர் இன்ஜின் போட்டுவிட்டார்களே, டிசையரிலும் அதுதானா? மாதம் ஒருமுறை ஊட்டிக்கு நாலு பேரோடு போகிறவன் நான்.
– வாசகர், கோவை

பதில்: அதுதான் வரும் என்றே எதிர்பாருங்கள். பழைய நாலு சிலிண்டரில் சக்தி 90 பி.எஸ்., புதியதில் 82-தான். டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) கிட்டத்தட்ட சமம், 113-க்கு 112. மைலேஜ் கூடியிருக்கிறது, கையால் கியர் மாற்றும் ஸ்விஃப்டுக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்கிறார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது கியர் குமிழியின் மேல் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிகிறது, வண்டி நகர்ந்ததும் மறைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. ஆனால் நாலு பேரோடு மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது பழைய இன்ஜினில் இருந்த அந்தத் தாராளம் இல்லை. ஊட்டி ரோட்டை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம். இப்போதுள்ள டிசையரையே தள்ளுபடியில் எடுக்கலாம், தயாரித்த மாதம் எது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஏர்பேக் போதாது என்று நினைத்தால் (நான் அப்படித்தான் நினைப்பேன்) ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஹூண்டாய் ஆராவைப் பாருங்கள், அதில் நாலு சிலிண்டரும் உண்டு, ஆறு ஏர்பேக்கும் உண்டு.

கேள்வி: சி.என்.ஜி. வருமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வரும், ஆனால் முதல் நாளே வருமா என்று சொல்ல முடியாது. இந்த மாடலுக்கே 2022-இல்தான் கொடுத்தார்கள். கிலோவுக்கு 31 கிலோமீட்டர் என்பது பெரிய ஆசைதான், ஆனால் கேஸ் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிடும், பெட்டியெல்லாம் மடியில்தான். டிக்கியும் வேண்டும், கேஸும் வேண்டும் என்றால் இரண்டு சின்ன சிலிண்டர்களைக் கீழே படுக்க வைத்திருக்கும் டாடா டிகோரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: விலை எவ்வளவு கூடும்? முன்பதிவு என்று 11,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஸ்விஃப்ட் 6.24 லட்சத்திலிருந்து 6.49 லட்சத்துக்கு ஏறியது. டிசையரிலும் அந்த அளவுக்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் உள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம் வாழ்நாள் வரி, அப்புறம் இன்சூரன்ஸ். உயர்ந்த வேரியன்டில் எக்ஸ் ஷோரூம் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதமாகிவிடும், பட்ஜெட் போடும்போது அதைக் கவனியுங்கள்.

பணம் கட்டாதீர்கள். கம்பெனி இன்னும் புக்கிங்கே திறக்கவில்லை, திறக்காத புக்கிங்குக்கு ஒருவர் காசு கேட்கிறார் என்றால் அது அவராகப் போட்ட கணக்கு. பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதில் திரும்பத் தரப்படும் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.