பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவைக்கு நீதிபதியாக உயர்ந்த டென்னிங், ஏன் ஒரு படி கீழே இறங்கினார்?

பெரும்பான்மைக்காகத்தான். துணிக்கடைக்காரர் மகனாக 1899-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர் டென்னிங். 1944-இல் உயர் நீதிமன்றம், 1948-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1957-இல் பிரபுக்கள் அவை. அங்கே வழக்கமாக ஐவர் அமர்வு. முன்தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட விரும்பாத இவர் அடிக்கடி தனித்துப்போனார். மேல்முறையீட்டில் பெரும்பாலும் மூவர்தான். இன்னொருவர் இசைந்தாலே போதும். 1962-இல் அதன் தலைமையான 'மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ்' பதவியேற்று 20 ஆண்டுகள் கோலோச்சினார்.

எளியவரின் நீதிபதி என்று புகழ்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. காவல்துறை அடித்ததாக, குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்த 'பர்மிங்காம் அறுவர்' தொடுத்த வழக்கை 1980-இல் நிறுத்தியவரும் இவரே; அவர்கள் வென்றால் காவல்துறையே பொய்சாட்சி சொன்னதாகிவிடுமாம்! 1991-இல் அறுவரின் தண்டனையும் ரத்தானது. கறுப்பின ஜூரிகள் பற்றி எழுதியது சர்ச்சையாகி, 1982-இல் ஓய்வுபெற்றார்.