முழு சூரிய கிரகணம் பார்க்க அவ்வளவு தூரம் பயணம் போகத்தான் வேண்டுமா? நம் ஊரில் 90 சதவீதம் தெரிந்தால் போதாதா?

போதாது. என் அப்பாவின் கதையிலிருந்தே சொல்கிறேன்.

1980 பிப்ரவரி 16. அப்பா அப்போது ஹூப்ளியில் வேலையில் இருந்தார். முழு கிரகணம் அந்த ஊர் வழியாகவே போனது. ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லையாம். இவரும் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். கதவிடுக்கில் வெளிச்சம் போனதும் திரும்பி வந்ததும்தான் அவர் பார்த்தது. அந்தக் குறை 29 வருஷம் அவர் மனதில் இருந்தது.

2009 ஜூலை 22 கிரகணத்துக்கு அவரைக் காசிக்குக் கூட்டிப்போனேன். மழைக்காலம் என்பதால் இரண்டு பேருக்குமே வயிற்றில் புளி கரைத்தது. விடியும் முன்பே கேதார் படித்துறையில் இடம் பிடித்தோம். இடுப்பளவு தண்ணீரில் ஆயிரக்கணக்கானோர். சூரியன் பிறையாக மெலிய மெலிய, கங்கை ஈயம் பூசின பாத்திரத்தின் உள்பக்கம் மாதிரி நிறம் மாறியது. 6.24 இருக்கும், வைர மோதிரம் போல ஒரு பொட்டு வெளிச்சம் மின்னி அணைந்தது. மையைவிடக் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெள்ளைப் பட்டு இழை இழையாகப் பிரிந்த மாதிரி கொரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். காலை நேரத்தில் வெள்ளி கிரகம் பளிச்சென்று தெரிகிறது! படித்துறை முழுக்க “ஹர ஹர மகாதேவ்” முழக்கம். அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இதையாடா கதவைச் சாத்திட்டு விட்டேன்?” என்றார். சுமார் மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

90, 99 எல்லாம் ஏன் போதாது என்றால், சூரியன் பௌர்ணமி நிலவைவிட ஏறத்தாழ நாலு லட்சம் மடங்கு பிரகாசம். அதில் ஒரு சதவீதம் மிஞ்சினாலே நாலாயிரம் நிலவு வெளிச்சம். கொரோனாவோ ஒரு நிலவு அளவுதான் ஒளிரும், அந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும்? 2019 டிசம்பரில் கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தெரிந்த வளைய கிரகணத்தையும் பார்த்தேன். அழகுதான், ஆனால் நிலா தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட முடியவில்லை. இருட்டவும் இல்லை, கொரோனாவும் இல்லை.

சரி, போவதென்றால் முதலில் வானிலையைப் பாருங்கள். 2009இல் பீகாரின் தாரேக்னாவுக்குத்தான் பெருங்கூட்டம் போனது. அங்கே மேகம் மூடிவிட்டது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் எகிப்தின் லக்சர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும், அந்த மாதத்தில் அங்கே மேகம் வருவதே அபூர்வம். இந்தியாவிலேயே பார்க்க வேண்டுமென்றால் 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம்.

அப்புறம், சூரியன் முழுமையாக மறைந்த பிறகு மட்டும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றுங்கள், வெளிச்சப் பொட்டு திரும்ப எட்டிப் பார்த்ததும் போட்டுவிடுங்கள். முதல் தடவை போட்டோ எடுக்க வேண்டாம், கண்ணால் பாருங்கள்.