பிஎம்டபிள்யூ லோகோ உண்மையிலேயே விமான ப்ரொப்பெல்லரா?

நிறைய பேரு அப்படித்தான் நம்புறாங்க, ஆனா இல்லீங்க. ஆரம்பத்துல விமான எஞ்சின் செஞ்ச கம்பெனிதான், ஆனா 1917ல பதிவு பண்ண லோகோல இருக்கற அந்த நீலமும் வெள்ளையும் ஜெர்மனில இருக்கற பவேரியா மாநிலத்தோட கலரு, 1929ல ஒரு விளம்பரத்துல சுத்துற ப்ரொப்பெல்லர் மேல லோகோவ வச்சு வரைஞ்சாங்க, அதுலேர்ந்து கெளம்புன கதை இது. 1923ல பைக், 1928ல ஜெர்மனில ஐசனாக்ங்கிற ஊர்ல இருந்த கார் ஃபேக்டரிய வாங்கி காருக்கு வந்தாங்க. ரெண்டாம் உலகப்போர்ல கைதிகள கட்டாயப்படுத்தி வேலை வாங்கின கறையும் இருக்கு, அத மறைக்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் பெருசா தெரியறது 1959 தான். நஷ்டத்துல மூழ்கி போட்டி கம்பெனியான டைம்லர் பென்ஸ் (மெர்சிடிஸ் கார் செய்யறவங்க) கைக்கே போயிடும்ங்கிற நெலம, டிசம்பர் மீட்டிங்ல சின்னச் சின்ன பங்குதாரர்களும் டீலர்களும் சேந்து தடுத்துட்டாங்க, அப்புறம் ஹெர்பர்ட் குவாண்ட்ங்கிற ஜெர்மன் தொழிலதிபர் பணம் போட்டாரு, 1962ல வந்த ‘1500’ங்கிற கார் மாடல்தான் கம்பெனிய நிமித்துச்சு.