ஐஸ்லாந்தில் பெண்களுக்கு வாய்ப்புகள் அதிகம் என்கிறார்களே, சுற்றுலா போகிறவர் கண்ணுக்கு அது தெரியுமா?

தெரியும், தெருவிலேயே. தலைநகர் ரெய்க்யவிக்கில் வேலைநாளில், பட்டப்பகலில், குழந்தை வண்டி தள்ளிப்போகும் அப்பாக்களைப் பார்க்கலாம். காபிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, குழந்தையைக் குளிர்காற்றில் தூங்கவிட்டு உள்ளே போய் உட்காருகிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் பார்த்தால் அவ்வளவுதான்!

காரணம், குழந்தை பிறந்தால் பெற்றோருக்குக் கிடைக்கும் விடுப்பு பற்றி 2000-ல் வந்த சட்டம். அப்பாவுக்கென்றே ஒரு பங்கு உண்டு. அவர் எடுக்காவிட்டால் அது போச்சு, அம்மாவுக்கு மாற்ற முடியாது. ‘கல்யாணமான பெண், நாளைக்கே லீவு கேட்பாள்’ என்று தயங்கும் முதலாளிக்கு ஆணும் அதே கணக்குதான்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. 1975 அக்டோபர் 24 அன்று சுமார் 90 சதவீதப் பெண்கள் வீட்டுவேலை உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 1980-ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண் அதிபரானார். அதற்காகச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள்: சம்பள வித்தியாசத்துக்காக 2023-ல் மறுபடி வேலைநிறுத்தம் நடந்தது, பெண் பிரதமரே அதில் கலந்துகொண்டார்.